கட்டிலில் படுத்தவரும் பின்னால் நின்றவளும்

கொல்லைச் சுவரில் ஆணியடித்து நீலப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தோம். அதன் முன்னால் முக்காலியில் சிவகாமி உட்கார்ந்திருந்தாள். கண்களை இறுக மூடியிருந்தாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்த காலை நேரம். பக்கத்து வீட்டில் யாரோ மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள். போர்வையிலிருந்து பூச்சி உருண்டை வாசனை வந்தது. என் மனைவி கமலம் ஒரு சலவை வேட்டியை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, சிவகாமியின் முகத்தில் நிழல் விழுந்த பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"கண்ணைத் தொற சிவகாமி."

"கூசுதுக்கா."

"கூசுனா கூசிட்டுப் போகுது. கண்ணை மூடியிருந்தா பாஸ்போர்ட்டு ஆபீசுல ஒத்துக்கிட மாட்டாங்க. என்னங்க, நீங்க சொல்லுங்களேன்."

நான் கேமராவின் துருத்தியை இழுத்து வைத்து, தூரத்தைச் சரிபார்த்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் கண்ணைத் திறந்த நொடியில் விசையை அழுத்தினேன்.

அவள் எழுந்து, தான் கொண்டுவந்த ரவிக்கைத் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு வருகிறேன் என்றுதான் மாமனாரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். படம் எடுத்துக்கொள்ள வந்தது அவருக்குத் தெரியாது.

ஆளில்லாத தெருக்கள்

கேமரா எனக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து, எங்கள் ஊர் திருச்சி ஜில்லாவின் பகுதியான சமயம். நான் ஓர் அலுவலகத்தில் இளைய குமாஸ்தா. அலுவலகத்தின் பெயர்ப்பலகை மாறியது. நாற்காலி மாறவில்லை. ஆனால் மேலதிகாரி வேறு ஊருக்குப் போகவேண்டி வந்தது. அவர் வீட்டுச் சாமான்களை ஊரார் வாங்கிக்கொண்டு போனார்கள். கட்டில் போனது, கண்ணாடி பீரோ போனது. ஒரு மடிப்புக் கேமரா மட்டும் ஜன்னல் ஓரத்தில் கிடந்தது. கேட்பாரில்லை. நான் கேட்டேன்.

எங்கள் ஊரின் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேரானவை. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். எனக்கு அந்த நேர்கோடுதான் பிடித்திருந்தது. விடிந்ததும் கிளம்பிவிடுவேன். கீழ ராஜ வீதி, பல்லவன்குளத்துப் படிகள், வண்டி மட்டும் நிற்கும் ஜட்கா ஸ்டாண்டு. ஆள் யாராவது குறுக்கே வந்தால் அவர் போகும்வரை காத்திருப்பேன்.

ஒருமுறை பால் சொம்போடு வந்த ஒருவர் என் பக்கத்தில் நின்று நான் பார்க்கும் திசையில் பார்த்தார்.

"என்னத்தைங்க புடிக்கிறீங்க? அங்கிட்டு ஒண்ணுமே இல்லையே."

"தெருவைத்தான்."

"தெரு எங்கிட்டுங்க போயிரப் போகுது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு ஜவுளிக்கடை முதலாளி தன் கடைப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார். "என்ன தம்பி, கடை நொடிச்சுப் பூட்டிக் கெடக்குறாப்ல இருக்கு" என்றார். அதற்குப் பிறகு என் தெருப்படங்களை நான் யாருக்கும் காட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கமலத்தின் கொல்லை

வீட்டில் ஆட்களைப் படம் எடுக்க ஆரம்பித்தது கமலத்தால்தான்.

அவள் தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். எங்கள் வீதியிலும் பக்கத்து வீதிகளிலும் உள்ள பெண்கள் அளவு கொடுக்க வருவார்கள். வந்த இடத்தில் கேமராவைப் பார்த்தார்கள். ஊரில் ஸ்டூடியோ இருந்தது. ஆனால் ஸ்டூடியோக்காரர் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்புவாராம். அதனால் பல வீடுகளில் பெண்களை அங்கே அனுப்புவதில்லை.

"இங்க இவங்க தொட மாட்டாங்க. நான்தான் திருப்புவேன்" என்று கமலம் என்னைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்துவிட்டாள்.

போர்வையைப் பின்னால் கட்டுவது, வேட்டியால் வெளிச்சம் திருப்புவது எல்லாம் அவள் கண்டுபிடித்தவை. உட்கார வைப்பது, முந்தானையைச் சரிசெய்வது, அதட்டுவது எல்லாம் அவள் வேலை. கையில் கடிகாரம் இருந்தால் படம் எடுப்பாக இருக்கும் என்று ஒரு பெண் சொல்ல, என் கைக்கடிகாரத்தைக் கழற்றி மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் கொல்லையில் படம் எடுத்துக்கொண்ட எல்லாப் பெண்கள் கையிலும் அந்த ஒரே கடிகாரம்தான். சிலருக்கு முழங்கைவரை நழுவிப்போகும்.

நான் விசையை அழுத்துகிறவன், அவ்வளவுதான். முகங்களில் எனக்கு அப்போது பெரிய ஈடுபாடு கிடையாது.

சிவகாமியின் ஏற்பாடு

சிவகாமி கீரனூர்ப் பக்கத்துப் பெண். விவசாயக் குடும்பம். எங்களுக்கு அடுத்த வீதியில் வாழ்க்கைப்பட்டு வந்தாள். கணவன் தங்கவேலுவுக்குப் பினாங்கில் துறைமுகப் பக்கம் வேலை. கல்யாணம் முடிந்த சில வாரங்களில் கப்பலேறினான். அதன்பின் வருடங்கள் போயின. அவன் வரவில்லை. அவளை அழைத்துக்கொள்ள விரும்பினான். ஒவ்வொரு முறையும் தகப்பனார் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிடுவார்.

தகப்பனார் முத்தையா, சமஸ்தானம் இருந்தபோது அரண்மனை லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். வாட்டசாட்டமான ஆள். லாயம் போனபின் வேறு வேலைக்குப் போகவில்லை. மனைவி இல்லை. ஒரே பிள்ளை. மருமகள் இங்கே இருக்கும்வரை பிள்ளை ஒருநாள் ஊருக்குத் திரும்புவான், அவளும் போய்விட்டால் அவன் அந்த ஊர்க்காரனாகவே ஆகிவிடுவான் என்பது அவர் பயம். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

சிவகாமி பொறுத்துப் பார்த்தாள். பிறகு தானே ஏற்பாடு செய்தாள். கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருச்சிக்கு வேலைக்குப் போகும் அவள் அண்ணன், பாஸ்போர்ட்டுக்கு வேண்டியதையெல்லாம் தயார் செய்துவிட்டார். பினாங்கிலிருந்து தங்கவேலு அனுப்பவேண்டிய காகிதமும் அண்ணன் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. பாக்கி இருந்தது அவளுடைய படம் ஒன்றுதான்.

படத்தை எடுத்துவிட்டேன். ஆனால் கேமராவில் இருந்த சுருள் இன்னும் முடியவில்லை. அப்போது பிலிம் எளிதில் கிடைக்காது. ஒரு சுருளுக்கு எட்டுப் படம். பாதிச் சுருளை வெட்டிக் கழுவ எனக்கு மனம் வராது.

"எதையாச்சும் புடிச்சு முடிச்சுத் தொலைங்களேன். அந்தப் புள்ள தெனம் வந்து கேட்டுட்டுப் போகுது" என்றாள் கமலம்.

காலையில் கீழ ராஜ வீதிக்குப் போய் ஒரு படம் எடுத்தேன். வெளிச்சம் சரியில்லை என்று திரும்பிவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்தபோது வாசலில் முத்தையா நின்றுகொண்டிருந்தார்.

பெரியவரின் கோரிக்கை

கமலம் மிஷினை விட்டு எழுந்து என்னைப் பார்த்தாள். விஷயம் தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று நாங்கள் இருவருமே நினைத்தோம்.

அவர் பல நாள் சவரம் செய்யாத தாடையைத் தடவிக்கொண்டார்.

"தம்பி, என்னை ஒரு படம் புடிக்கணும். மயனுக்கு அனுப்பணும்."

"எடுத்துட்டாப் போச்சுங்க. உக்காருங்க."

"உக்காந்து வேணாம். படுத்துக்கிட்டு." கொஞ்சம் தயங்கினார். "நான் முடியாமக் கெடக்கேன்னு அவனுக்குத் தெரியணும். சொல்லிவிட்டா நம்ப மாட்டேங்குறான். படத்துல பாத்தா வந்துருவான்ல?"

"ஒடம்புக்கு என்னங்க மாமா?" என்று கேட்டாள் கமலம்.

"ஒடம்புக்கு என்ன ஆத்தா, கல்லாட்டம் இருக்கேன்."

மறுநாள் காலையில் அவரே கயிற்றுக் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் சிவகாமி, ஒரு லோட்டாவில் கஞ்சியோடு வந்தாள். படத்தில் கஞ்சி வேண்டும் என்பது அவர் யோசனை. கட்டிலைக் கொல்லையில் போட்டுப் படுத்தார். எங்கள் நீலப் போர்வையைக் கேட்டு வாங்கிக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். திருநீறு பூசச் சொன்னார். கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, வாயைச் சற்றுத் திறந்துவைத்து, "இப்படி இருந்தாச் சரியா தம்பி?" என்று கேட்டார்.

"பேசாம இருந்தாச் சரிங்க" என்றேன்.

சிவகாமி கட்டிலுக்குப் பின்னால், அவர் பார்வைக்கு எட்டாத இடத்தில், லோட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாரத்துக்குமுன் அதே சுவர் அருகில் முக்காலியில் உட்கார்ந்தவள். கமலம் அவளைப் பார்க்கவில்லை. அவளும் கமலத்தைப் பார்க்கவில்லை.

மீதமிருந்ததையெல்லாம் அவருக்கே செலவழித்தேன். ஒன்றில் அவர் இருமி அசைந்துவிட்டார். ஒன்றில் காகம் ஒன்று கட்டில் காலில் வந்து உட்கார்ந்தது. கடைசிப் படத்தில் எல்லாம் கூடிவந்தது. அந்தப் படத்தில் சிவகாமி தலையை நிமிர்த்தி நேராகக் கேமராவைப் பார்த்தாள். அவளை நான் பார்க்கச் சொல்லவில்லை.

சுருள் முடிந்தது. பெரியவர் எழுந்து, கஞ்சியை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கட்டிலைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார்.

கொடியில் காய்ந்தது

அரிசி மூட்டை வைக்கும் உள்ளறையில்தான் நான் பிலிம் கழுவுவேன். ஜன்னல் கிடையாது. கதவிடுக்கில் பழந்துணியைச் செருகிவிட்டால் இருட்டு. சாப்பாட்டுக்கு உதவாத எனாமல் தட்டுகளில் மருந்துத் தண்ணீர் இருக்கும். ஹைப்போ மருந்து வாசனை அரிசியில் ஏறிவிடுகிறது என்று கமலம் சொல்லுவாள். எனக்கு அப்படித் தெரிந்ததில்லை.

கழுவிய நெகடிவைக் கொல்லைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். முதலில் எடுத்தவற்றைத் தாண்டி சிவகாமியின் முகம், அடுத்து கீழ ராஜ வீதி, அடுத்து கட்டில். நெகடிவில் எல்லாம் தலைகீழ். பெரியவருக்கு முடி கறுத்திருந்தது. சிவகாமிக்கு நரைத்திருந்தது.

கமலம் வந்து, வெளிச்சத்துக்கு நேராக நின்று பார்த்தாள்.

"அவரு படத்தைக் குடுக்காதீங்க."

"ஏன்?"

"சரியா விழலைன்னு சொல்லிருங்க."

"விழுந்திருக்கே."

"விழுந்திருக்குன்னு எனக்கும் கண்ணு தெரியுது. இந்தப் படம் பினாங்குக்குப் போச்சுன்னா அவரு மகன் பயந்து வந்து, அப்பாவைப் பாத்துக்கன்னு அவளை இங்கிட்டே விட்டுட்டுப் போயிருவாரு. அந்தப் புள்ள பாடு அம்புட்டுத்தான். வயசு போயிக்கிட்டு இருக்குங்க."

"அந்தப் புள்ள கேட்டுச்சு, எடுத்தேன். அவரு கேட்டாரு, எடுத்தேன்."

"ரெண்டும் ஒண்ணா ஒங்களுக்கு?"

"படம் எடுக்குறவனுக்கு ஒண்ணுதான்."

அவள் கொடியை விட்டுப் போய்விட்டாள். அன்று முழுக்கத் தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் சிவகாமி வந்தபோது கமலம் அவளிடமே கேட்டாள். "நீ சொல்லு. அதைக் குடுக்கவா, வேண்டாமா?"

சிவகாமி தன் படத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தப் படத்தைத்தான் வாங்கிப் பார்த்தாள்.

"குடுங்கக்கா. அனுப்பட்டும்."

"வெவரம் புரிஞ்சுதான் பேசுறியா?"

"மாமா வேசம் போடுறாருன்னு நான் சொல்லிவிட்டா, இவளுக்கு அப்பாவைக் கண்டா ஆகலைன்னு பினாங்குல இருக்குறவரு நெனைப்பாரு. அவரே பாக்கட்டும். இந்தப் படத்தை அவரு கையில வச்சுப் பாப்பாருல்லக்கா. அதான் நேராப் பாத்தேன்."

இரண்டு படங்களையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். சிவகாமியின் படம் அண்ணன் வழியாகத் திருச்சிக்குப் போனது. பெரியவரின் படம் பினாங்குக்குப் போனது.

கோடரி

தங்கவேலு பதில் எழுதவில்லை. நேரில் வந்துவிட்டான்.

ஜட்காவில் வந்து இறங்கியபோது முத்தையா வாசலில் வெற்றுடம்போடு விறகு பிளந்துகொண்டிருந்தாராம். மகன் பெட்டியோடு நின்று பார்த்தான். அவர் நிமிர்ந்து பார்த்தார். கோடரியைக் கீழே போட்டுவிட்டு இருமினார். சிவகாமி இதைச் சொல்லும்போது கமலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிவகாமி சிரித்தாளா என்று எனக்கு நினைவில்லை.

சில நாள் கழித்துத் தங்கவேலு எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். அந்தப் படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். ஓரங்கள் மடங்கியிருந்தன.

"அப்பா கெடக்குறதைப் பாத்துப் பயந்துதாண்ணே லீவு கேட்டு வாங்குனேன். கப்பல்ல வேற வேலை இல்ல. இதையே எடுத்து எடுத்துப் பாத்தேன். பாக்கப் பாக்க அப்பா மொகத்துல நோவே தெரியலை. பின்னாடி நின்னவ மொகத்துலல்ல இருந்துச்சு."

அவன் படத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டான். திரும்பிப் போகும்போது அவளை அழைத்துக்கொண்டுதான் போவேன் என்றான்.

முத்தையா சம்மதிக்கவில்லை. நீ வேண்டுமானால் போ, அவள் இந்த வீட்டில் இருப்பாள் என்று சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் விஷயமும் அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. வீட்டில் பேச்சு நின்றுபோனது. தங்கவேலு அப்பாவையும் கூப்பிட்டுப் பார்த்தான். "அந்த ஊர்ல நான் யாருடா?" என்பதோடு அவர் முடித்துக்கொண்டார். லீவு கரைந்துகொண்டிருந்தது.

முறை

ஒரு பிற்பகல் முத்தையா எங்கள் வீட்டுக்கு வந்தார். கோபமாகத்தான் வந்தார். ஆனால் கோபம் நான் எதிர்பார்த்த காரணத்துக்காக அல்ல.

"தம்பி, அந்தப் படத்துல நான் நோயாளி மாதிரி இல்லையா?"

"இருந்தீங்க."

"பொறவு எப்படிப் பய கண்டுபுடிச்சான்? இன்னொண்ணு இருந்தாக் காட்டுங்க. எங்க கோட்டை விட்டேன்னு பாப்பம்."

என்னிடம் ஒரு பிரதி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் நின்று, தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கன்னம், வாய், போர்வை எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை போலும். பிறகு விரல் மேலே போய் நின்றது.

படத்தை வெயிலுக்கு இன்னும் நேராகத் திருப்பிப் பிடித்தார்.

"இது யாரு, சிவகாமியா?"

"ஆமாங்க."

"இப்படியா இருக்கா?"

கமலம் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். "என்னங்க மாமா, தெனம் பாக்குற புள்ளையைப் போயி யாருன்னு கேக்குறீங்க?"

"தெனம் எங்க பாத்தேன். கதவுக்குப் பின்னாடி நின்னுதான் பேசுவா. சோத்தை வச்சுட்டு உள்ள போயிருவா. நானும் தலையைத் தூக்கிப் பாத்ததில்ல. மருமக மொகத்தைப் பாக்குறது மொறையில்லல்ல ஆத்தா."

கமலம் அவர் பக்கத்தில் வந்து நின்று படத்தைப் பார்த்தாள்.

"கல்யாணத்தப்பப் பாத்தது. நல்லா உருண்டையா இருந்துச்சு மொகம்" என்றார். "ரொம்ப நாளாவே இப்படித்தானா?"

"எனக்குத் தெரிஞ்சு இப்படித்தாங்க மாமா."

படத்தைத் திருப்பித் தரவில்லை. மடியில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

படம்தான் அவர் மனத்தை மாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். மகன் பேசாமல் இருந்ததும் உறுத்தியிருக்கலாம். வீட்டில் வேறு ஏதாவது நடந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த வாரமே மகனைக் கூப்பிட்டு, "கூட்டிட்டுப் போடா. நல்லா வச்சுக்க" என்று சொல்லியிருக்கிறார். அவளிடம் நேராக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, "நீயும் ஒக்காந்து சாப்புடு" என்றாராம். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று கமலத்திடம் சொன்னாள்.

ரயிலடி

திருச்சி போய், அங்கிருந்து நாகப்பட்டினம் போய்க் கப்பலேறுவதாக ஏற்பாடு. காலை வண்டி. நானும் கமலமும் ரயிலடிக்குப் போயிருந்தோம். அண்ணன் கீரனூரில் ஏறிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். முத்தையா வரவில்லை.

கேமரா என் தோளில் இருந்தது. சிவகாமி அதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேண்டாண்ணே, அழுதுருவேன்" என்றாள். நானும் எடுக்கவில்லை. கமலம் புதிதாகத் தைத்த ரவிக்கைகளை ஒரு பையில் போட்டு ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். வண்டி நகர்ந்தபோது தங்கவேலு எழுந்து நின்று கும்பிட்டான். சிவகாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டி ஊர்ப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் முத்தையாவின் வீட்டைக் கடந்துதான் வரவேண்டும். வாசலில் நின்றுகொண்டிருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்கள் சிவந்திருந்தன. உள்ளேயிருந்து அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.

"வண்டி நேரத்துக்குக் கெளம்பிருச்சா?"

"கெளம்பிருச்சுங்க."

"எடம் கெடைச்சுச்சா ரெண்டு பேருக்கும்?"

"ஜன்னலோரமாவே கெடைச்சுச்சு மாமா" என்றாள் கமலம்.

தலையை ஆட்டினார். நாங்கள் நகரப் பார்த்தோம்.

"உள்ள வாங்க ரெண்டு பேரும். சோறு ஆக்கியிருக்கேன். எம்புட்டுப் போடுறதுன்னு தெரியலை, கூடிப்போச்சு."

கமலம் என்னைப் பார்த்தாள். எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. உள்ளே போனோம். அவரே இலை போட்டார். அவரே பரிமாறினார். நாங்கள் முதல் கவளத்தை எடுக்கும்வரை கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார்.

"பதமா இருக்கா ஆத்தா?"

"நல்லா இருக்குங்க மாமா."

அரிசி பாதிதான் வெந்திருந்தது. கமலம் மறுசோறு கேட்டு வாங்கிக்கொண்டாள். நானும் வாங்கிக்கொண்டேன்.